ஓர் ஆட்டத்தின் எடை: வந்திகா அகர்வால் – இரினா கிரஷ், புடாபெஸ்ட் 2024

2024 செப்டம்பரில் புடாபெஸ்டில் நடைபெற்ற 45ஆவது சதுரங்க ஒலிம்பியாடில் இந்திய மகளிர் அணி முதன்முறையாகத் தங்கம் வென்றது. கடைசிச் சுற்றில் அஜர்பைஜானை 3.5–0.5 என வீழ்த்தியதே பலரது நினைவில் நிற்கிறது. ஆனால் பட்டத்தின் கணக்கு இரண்டு சுற்றுகளுக்கு முன்பே, இரு பெண்கள் ஆடிய ஓர் ஆட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஆட்டத்தின் எடையை அறிய, புள்ளிமுறையின் வரலாற்றை அறிய வேண்டும். மகளிர் ஒலிம்பியாட் 1957இல் நெதர்லாந்தின் எம்மன் நகரில் தொடங்கியது. அதன்பின் நெடுங்காலம், பலகைதோறும் ஈட்டிய புள்ளிகளின் கூட்டுத்தொகையே அணியின் இடத்தைத் தீர்மானித்தது. பலவீனமான அணியை எல்லாப் பலகைகளிலும் வெல்வது பெரும் ஆதாயம். 2008இல் டிரெஸ்டனில் இம்முறை மாறியது. மகளிர் அணிக்கும் நான்கு பலகைகள் வந்தன. ஓர் அணி மற்றோர் அணியை வென்றால் 2 புள்ளி, சமன் செய்தால் 1, தோற்றால் 0 என்பது விதியாயிற்று. அதன்பின் 4–0 வெற்றியும் 2.5–1.5 வெற்றியும் ஒரே மதிப்புடையவை. சமனுக்கும் தோல்விக்கும் இடையில் அரைப் புள்ளியே வேலி.

புடாபெஸ்டில் முதல் ஏழு சுற்றுகளையும் வென்ற இந்தியா, எட்டாம் சுற்றில் போலந்திடம் தோற்றது. ஒன்பதாம் சுற்றில் எதிரணி அமெரிக்கா. மூன்று பலகைகளில் ஒரு தோல்வி, இரண்டு சமன். 1–2 எனப் பின்னடைவு. எஞ்சியது, 21 வயது வந்திகா அகர்வாலுக்கும் அமெரிக்க மகளிர் பட்டத்தை எட்டு முறை வென்ற இரினா கிரஷுக்கும் இடையிலான ஆட்டம். அதில் சமன் செய்தாலும் அணிக்குத் தோல்விதான். வந்திகா வென்றார்; மோதல் 2–2 ஆயிற்று.

இறுதியில் இந்தியா 19 புள்ளி, கஜகஸ்தான் 18. அந்த ஒரு புள்ளி இல்லையெனில், பிற முடிவுகள் மாறாதிருந்தாலும், இரு அணிகளும் சமமாக நின்று, பட்டம் துணை விதிகளின் கைக்குப் போயிருக்கும்.

இதே கணக்கின் மறுபக்கம் 2022இல் மாமல்லபுரத்தில் தெரிந்தது. 17 புள்ளிகளுடன் தனித்து முன்னணியில் இருந்த இந்திய மகளிர் அணி, கடைசிச் சுற்றில் இதே அமெரிக்காவிடம் 1–3 எனத் தோற்றது. உக்ரைனும் ஜார்ஜியாவும் 18 புள்ளிகளுடன் முந்த, இந்தியாவுக்குக் கிடைத்தது வெண்கலம். அன்று 2–2 எனச் சமன் செய்திருந்தால் இந்தியாவும் 18ஐத் தொட்டிருக்கும்.

பதக்கப் பட்டியல் நாடுகளின் பெயர்களையே தாங்கி நிற்கிறது. அப்பெயர்களின் வரிசையை மாற்றுவதோ, ஏதோ ஒரு பலகையில் எழும் அரைப் புள்ளி.