மாட்டுப்பொங்கலன்று ஆனந்த் ஆடிய ஆட்டம்

ரமணாசிரமம் பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மாலையில் சில பிள்ளைகள் செஸ் ஆட வருவார்கள். நேற்று ஒருவன், "சார், ஓப்பனிங்கை மனப்பாடம் பண்ணணுமா, யோசிச்சு ஆடினா போதுமா?" என்றான். வகுப்பில் காலமெல்லாம் மனப்பாடத்தைத் திட்டியவன் நான். பதிலுக்குப் பதில் ஒரு ஆட்டத்தைப் பலகையில் வைத்துக் காட்டினேன்.

2013 ஜனவரி 15, மாட்டுப்பொங்கல். நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ ஊரில் டாடா ஸ்டீல் போட்டி. வெள்ளை, ஆர்மீனியாவின் அரோனியன். கறுப்பு, அப்போதைய உலக சாம்பியன் நம் விஸ்வநாதன் ஆனந்த். ஓப்பனிங், செமி-ஸ்லாவில் மெரான் என்ற கிளை. மெரான் இத்தாலியில் ஒரு ஊர். 1924-ல் அங்கே க்ரூன்ஃபெல்டை எதிர்த்துக் கறுப்பில் இதை ஆடி ரூபின்ஸ்டீன் வென்றார். அதனால் அந்தப் பெயர்.

13-வது நகர்வில் அரோனியனின் குதிரை ஹெச்7 சிப்பாயை வெட்டியது. அடுத்த குறி ஆனந்தின் யானை. ஆனந்த் குதிரையைத் தொடவே இல்லை. தன் குதிரையை ஜி4-க்குப் பாய்ச்சினார். 16-வது நகர்வு முடிந்தபோது அவருடைய யானை, இரண்டு குதிரைகள், ஒரு பிஷப் என நான்கு காய்களும் வெட்டுவாயில் நின்றன. எதை வெட்டினாலும் வெள்ளை ராஜாவுக்கு ஆபத்து! 23-வது நகர்வோடு அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இந்தத் திட்டத்தில் பெரும்பகுதி 2012-ல் மாஸ்கோவில் ஜெல்ஃபாண்டை எதிர்த்து ஆடிய உலகப் போட்டிக்காகத் தயாரித்தது. அங்கே பயன்படவில்லை, எட்டு மாதம் கழித்துப் பயன்பட்டது. இரண்டு பிஷப்புகளும் ஜி4 குதிரையும் சேர்ந்து ராஜாவை நெருக்கும் அந்த அமைப்போ இன்னும் பழையது. 1907-ல் லோட்ஸ் நகரில் ரோட்லெவியை எதிர்த்து அதே ரூபின்ஸ்டீன் ஆடியது.

அதே 2013 நவம்பரில், சென்னையிலேயே ஆனந்த் பட்டத்தைக் கார்ல்சனிடம் இழந்தார். கார்ல்சன் ஓப்பனிங்கில் பெரிதாக மோதவில்லை. அமைதியான நிலைகளை நீட்டி நீட்டி ஆடியே வென்றார்.

பையனிடம் சொன்னேன்: "மனப்பாடம் பண்ணு தம்பி, ஆனா ஒவ்வொரு நகர்வும் ஏன்னு கேட்டுப் பண்ணு. பழைய ஆட்டங்களையும் பாரு."

வகுப்பில் இத்தனை வருஷம் இதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன்.