விசிறி இறக்கையும் கணக்கின் சாட்சியமும்

வானூர்தியின் வரலாற்றை எழுதுவோர் 1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்ததையும், அதன்பின் வளர்ந்த அசையா இறக்கைகளையுமே பெரிதும் விரித்துரைப்பர். இறக்கைக்குள்ளேயே விசிறியைச் சுழலவிட்டுப் பறக்க முயன்ற கிளை வரலாறொன்றும் உண்டு. அதனை இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

சுழலும் உருளையின் மீது காற்று மோதினால் பக்கவாட்டில் ஒரு விசை எழுவதை 1852-இல் ஜெர்மானிய அறிஞர் மாக்னஸ் ஆராய்ந்து விளக்கினார். அவ்விசையைக் கொண்டே ஃப்ளெட்னர் 1924-இல் 'புக்கௌ' என்னும் கப்பலைச் செலுத்தினார். பாய்மரத்துக்குப் பதிலாக இரு உருளைகளைத் தாங்கிய அக்கப்பல் 1926-இல் அட்லாண்டிக்கையும் கடந்தது. இதற்கிடையே, 1893-இல் பிரெஞ்சுப் பொறியாளர் மோர்த்தியே குறுக்குப்பாய்வு விசிறிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். நம் வீட்டுச் சுவரிலுள்ள ஸ்பிளிட் ஏசியில் சத்தமின்றிச் சுழலும் நீண்ட உருளை அவ்வினத்தைச் சேர்ந்ததே. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்கரான பேட்ரிக் பீபிள்ஸ் இவ்விசிறியை இறக்கையின் முன்விளிம்பில் நெடுகப் பொருத்தினார். அவர் அமைத்த சிறு மாதிரிகள் வானில் பறந்தன.

அவ்விசிறி முன்னிருந்து காற்றை இழுத்துத் தடித்த இறக்கையின் மேற்பரப்பில் விரைந்து பாய்ச்சுகிறது. ஆதலால் உந்துவிசையும் தூக்குவிசையும் ஒருங்கே பிறக்கின்றன. குறைந்த வேகத்திலும் ஊர்தி மேலெழுகிறது.

ஆயின், அத்தூக்குவிசையை முன்கூட்டிக் கணிப்பது எங்ஙனம்? சாதாரண இறக்கைக்குக் குட்டாவும் ஷுக்கோவ்ஸ்கியும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த தேற்றம் பெருமளவு துணைநிற்கும். விசிறி இறக்கையிலோ ஒவ்வோர் அலகும் முன்சென்ற அலகு கலக்கிய காற்றினூடே செல்கிறது. உருளைக்குள்ளேயே ஒரு சுழிப்பும் நிலைகொள்கிறது. இதனை நவியர், ஸ்டோக்ஸ் ஆகியோரின் சமன்பாடுகளை எண்முறையில் தீர்த்தே அறிய இயலும்.

எண்முறைக்கும் ஒரு படிப்பினை உண்டு. முதல் உலகப்போரின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் படையில் பணியாற்றிய ரிச்சர்ட்சன், வானிலையைக் கையாலேயே கணித்தார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்றது அவரது கணக்கு. உண்மையில் அது ஏறத்தாழ மாறவேயில்லை. தொடக்கத் தரவுகளின் இசைவின்மையே பிழைக்குக் காரணம் எனப் பின்னாளில் ஆய்ந்தோர் காட்டினர். 1922-இல் அவர் அத்தோல்வியையும் மறைக்காமல் தம் நூலில் வெளியிட்டார். 1950-இல் எனியாக் கணினி வானிலையைக் கணித்தபோது அவர் காட்டிய வழியே பயன் தந்தது.

விசிறி இறக்கையைக் கணினியில் உருவகப்படுத்துவோர் காற்றுவெளியைப் பல்லாயிரம் கட்டங்களாகப் பகுப்பர். விசிறியைச் சூழ்ந்த கட்டங்களை மட்டும் அதனுடன் சுழலவிடுவர். மிகச்சிறு சுழிப்புகள் அனைத்தையும் எண்ணிமுடிக்க இயலாமையால், கொந்தளிப்புக்கெனச் சில ஊகங்களைக் கொள்வர். ஊகம் மாறினால் விடையும் மாறும். குறுக்குவெட்டை மட்டும் கணித்தால் இறக்கை நுனியின் இழப்பு விடுபட்டுப்போகும். ஆகவே காற்றுச் சுரங்கச் சோதனையையும் உடன்வைத்து ஒப்பிடல் வேண்டும். சுரங்கத்துக்கும் சுவர்களின் குறுக்கீடு உண்டு, மாதிரியும் சிறியது. ஒன்றன் குறையை மற்றொன்று காட்டிக்கொடுக்கும்.

இஃது ஏட்டளவிலான விவாதமன்று. இயந்திரம் நின்றுவிட்டால் சாதாரண விமானம் சறுக்கியேனும் தரைசேர முயலும். விசிறி இறக்கையோ தன் தூக்குவிசையின் பெரும்பகுதியை விசிறியிடமே பெறுகிறது. திரையில் தோன்றும் எண்ணை நம்பி மனிதரை அதில் ஏற்றுமுன், விசிறி நின்ற நிலையையும் கணித்துச் சோதித்தாக வேண்டும். ஒற்றைச் சாட்சியைக் கொண்டு தீர்ப்பெழுதுதல் இங்கும் தகாது.