சைட்டோமெகலோ வைரஸ் ஆன்டிஜென் பரிசோதனை

சைட்டோமெகலோ வைரஸ், மனிதரிடையே பரவும் எட்டு ஹெர்பிஸ் வைரஸ்களுள் ஒன்றாகும். சின்னம்மையையும் அக்கியையும் உண்டாக்கும் வைரஸும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இந்தியாவில் பெரும்பாலானோருக்கு இளம் வயதிலேயே இத்தொற்று ஏற்பட்டு, உடலில் உறங்கு நிலையில் தங்கிவிடுகிறது. சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்ளும்போது, இவ்வைரஸ் மீண்டும் பெருகி நுரையீரல், குடல், கண், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றைப் பாதிக்கக்கூடும். முதல் ஆறு மாதங்களில் கூடுதல் கவனம் தேவை.

எதிர்ப்பொருள்: இரு வேறு பொருள்கள்

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் காணப்படும் ஐஜிஜி, ஐஜிஎம் என்பவை நோயாளியின் உடலே உருவாக்கிய எதிர்ப்பொருள்கள். ஐஜிஜி இருப்பது முன்னர்த் தொற்று ஏற்பட்டதை மட்டுமே காட்டும். தற்போது நோய் உள்ளது எனப் பொருளாகாது.

ஆய்வகத்தில் பயன்படும் மோனோகுளோனல் எதிர்ப்பொருள் வேறானது. 1975இல் கோலர், மில்ஸ்டீன் ஆகியோர் கண்டறிந்த முறையில் தயாரிக்கப்படும் இது, குறிப்பிட்ட ஒரு புரதத்துடன் மட்டுமே இணையும். வைரஸின் பிபி 65 என்னும் புரதத்தைக் கண்டறிய இது உதவுகிறது. இது மருந்தன்று, நோயாளியின் உடலில் செலுத்தப்படுவதுமில்லை.

பரிசோதனை முறை

இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் பிரிக்கப்பட்டுக் கண்ணாடித் தகட்டில் பரப்பப்படுகின்றன. அவற்றின் மீது இந்த எதிர்ப்பொருளும் ஒளிரும் சாயமும் இடப்படும். பிபி 65 உள்ள அணுக்களின் உட்கரு நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும். இத்தனை வெள்ளணுக்களுக்கு இத்தனை ஒளிரும் அணுக்கள் என்ற எண்ணிக்கையாக முடிவு வழங்கப்படுகிறது. தற்போது பல மருத்துவமனைகளில் இதற்கு மாற்றாக வைரஸின் அளவைக் கணக்கிடும் பிசிஆர் பரிசோதனை செய்யப்படுகிறது.

ஆரணிப் பகுதி நோயாளிகள் கவனத்திற்கு

நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடைபெற்றது. ஆரணியிலிருந்து வேலூர் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒரு நாள் தறிவேலை தடைப்படும் என்பதால் உள்ளூரிலேயே இரத்தம் கொடுத்தனுப்ப நெசவாளர்கள் விரும்பலாம். ஆனால் ஆன்டிஜென் பரிசோதனைக்கான இரத்தம் ஆறு முதல் எட்டு மணி நேரத்திற்குள் ஆய்வகத்தில் பதப்படுத்தப்பட வேண்டும். தாமதமானால் ஒளிரும் அணுக்கள் குறைந்து, வைரஸ் இருந்தும் இல்லை என முடிவு வரக்கூடும். எனவே இரத்தம் எத்தனை மணிக்குள் ஆய்வகத்தைச் சென்றடையும் என முன்கூட்டியே கேட்டறிதல் அவசியம். பிசிஆர் பரிசோதனைக்கான மாதிரி இதைவிடக் கூடுதல் நேரம் தாங்கும்.

முடிவைப் புரிந்துகொள்ளுதல்

• வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்தால் ஆன்டிஜென் பரிசோதனை முடிவு நம்பத்தக்கதன்று.
• குடலில் மட்டும் பாதிப்பு இருப்பின், இரத்தத்தில் வைரஸ் தென்படாமலும் போகலாம்.
• சிகிச்சையின் தொடக்க நாள்களில் எண்ணிக்கை சற்று உயரக்கூடும். இதனால் மருந்து பயனற்றது எனக் கருதி நிறுத்தலாகாது.
• முடிவுகளை ஒப்பிட, ஒரே ஆய்வகத்தில் ஒரே முறையில் பரிசோதித்தல் நன்று.

சிகிச்சை

கான்சிக்ளோவிர், வால்கான்சிக்ளோவிர் ஆகிய மருந்துகள் பயன்படுத்தப்படுகின்றன. இவை வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடலாகாது. கருவுற்றோரும் கருவுறத் திட்டமிடுவோரும் அதனை மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்க வேண்டும்.

மருத்துவரை உடனே அணுக வேண்டிய அறிகுறிகள்

காய்ச்சல், மிகுந்த சோர்வு, தொடர் வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையைத் தொடர்புகொள்ளவும். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளைத் தாமாக நிறுத்துவதோ குறைப்பதோ மாற்றுச் சிறுநீரகத்தை இழக்கச் செய்யலாம். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் அழைக்கலாம்.