தமிழர் சுயாட்சிக் கழகம்: கட்சி மறைந்தது, கோரிக்கை மறையவில்லை

தமிழர் சுயாட்சிக் கழகம் ஒரு பொதுத் தேர்தலோடு ஒடுங்கிப்போன கட்சி. அது பிறந்த சூழலில் திருகோணமலைக்கும் ஒரு பங்கு உண்டு.

1965இல் தமிழரசுக் கட்சி டட்லி சேனாநாயக்கவின் அரசில் இணைந்தது, மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தத்தில் உறுதியளிக்கப்பட்ட மாவட்ட சபைகள் வரவில்லை. திருக்கோணேஸ்வரச் சூழலைப் புனிதப் பகுதியாக்குவது குறித்து ஆராய அவர் அமைத்த குழுவைப் பிரதமர் நிறுத்தினார். 1968இல் திருச்செல்வம் பதவி விலகினார்.

அதே ஆண்டு, ஆட்பதிவுச் சட்டமூலத்தில் கட்சி நிலைப்பாட்டை மீறிய ஊர்காவற்றுறை நாடாளுமன்ற உறுப்பினர் வி. நவரத்தினம் நீக்கப்பட்டார். பண்டா–செல்வா ஒப்பந்தப் பேச்சுகளில் பங்கெடுத்த மூத்தவர் அவர். சமஷ்டி கேட்டுப் பயனில்லை, சுயாட்சியே வழி என்று கழகத்தைத் தொடங்கினார்.

1970 தேர்தலில் தமிழரசுக் கட்சி, நாட்டைப் பிரிக்கக் கோரும் இயக்கங்களை ஆதரிக்க வேண்டாம் என்று தன் விஞ்ஞாபனத்தில் மக்களைக் கேட்டது. அக்கட்சி 13 ஆசனங்களை வென்றது. கழகத்துக்கு ஒன்றும் இல்லை. நவரத்தினமும் ஊர்காவற்றுறையில் தமிழரசு வேட்பாளரிடம் தோற்றார். தொகுதிவாரித் தேர்தலில் ஆசனமில்லாத சிறு கட்சி தாக்குப்பிடிப்பது கடினம்.

ஆனால் நிலைமை மாறியது. புதிய குடியரசு யாப்பு வரும் வேளையில், 1972 மே 14இல் திருகோணமலையில் தமிழர் கூட்டணி உருவானது. 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாட்டைக் கோரியது. அடுத்த ஆண்டு அதே கோரிக்கையோடு கூட்டணி 18 ஆசனங்களை வென்றது. நவரத்தினத்தை வெளியேற்றிய தலைமை, எட்டு ஆண்டுகளில் அவரையும் தாண்டிச் சென்றிருந்தது.

இன்றும் கட்சிகள் உடையும்போது யார் யாரோடு என்றே பேசுகிறோம். எதற்காகப் பிரிந்தார்கள் என்பதையும் வாக்காளர் கேட்க வேண்டும்.