லேபிளில் வந்த தேதி

கணினித் திரையில் எண் சரியாக இருந்தால் போதும் என்று நினைப்போம். எண் சரியாக இருந்தும் எழுதிய விதத்தால் ஒருவர் அலைந்த கதை இது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் கோபால். ஆள் பேர் அல்ல, 1960-ல் வெளிவந்த கணினி மொழி. அதில் ‘பிக்சர்’ என்று ஒரு வசதி. இலக்கம் எங்கே, காற்புள்ளி எங்கே என்று நாமே வரைந்து காட்டிவிடலாம். 12,50,000 என்று நம் லட்சக் கணக்கிலேயே அச்சாகும்.

பிறகு விண்டோஸ் வந்தது. 1993-ல் வந்த விஷுவல் பேசிக் 3-ல் லேபிளை டேட்டாபேஸோடு நேராக இணைக்க முடிந்தது. அடுத்த பதிவுக்குப் போனால் லேபிளும் தானே மாறும். 2002-ல் வந்த டாட்நெட்டில், மதிப்பு திரைக்குப் போகும்போது அதன் வடிவத்தை மாற்ற நாமே சில வரிகள் எழுதிச் சேர்க்கலாம்.

2006-ல் டபிள்யூபிஎஃப் வந்தது. 2008-ல் அதில் ‘ஸ்ட்ரிங்ஃபார்மட்’ சேர்ந்ததும் அந்த வேலை ஒரே சொல்லில் முடிந்தது. ஆனால் லேபிளில் போட்டால் அது கேட்காது. லேபிளுக்குள் எழுத்துதான் இருக்க வேண்டும் என்பதில்லை, படமும் இருக்கலாம். அதனால் அங்கே ‘கன்டென்ட் ஸ்ட்ரிங்ஃபார்மட்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

இதைக் கண்டுபிடித்த பெருமையில் இன்னொன்றைக் கோட்டைவிட்டேன். கணினியில் இந்திய முறை என்று அமைத்திருந்தாலும், நிரலில் மொழியைக் குறிப்பிடாவிட்டால் இணைத்த தேதி அமெரிக்க முறையில்தான் வரும். மாதம் முதலில், நாள் பிறகு.

2010 மார்ச். வைப்புத்தொகை முதிர்வுத் தேதியைக் காட்டும் புதுத் திரை. ஒரு பெரியவருக்கு மார்ச் 5-ம் தேதி பணம் வர வேண்டும். லேபிளில் 3/5/2010. கவுன்டரில் இருந்தவர் மே 3 என்று படித்து, “இன்னும் ரெண்டு மாசம் இருக்கு ஐயா” என்று அனுப்பிவிட்டார். ரசீதில் தேதி சரியாகவே இருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் சொன்னால் ரசீதை யார் பார்க்கிறார்கள்? மறுநாள் மகனைக் கூட்டிக்கொண்டு வந்த பிறகுதான் விஷயம் என்னிடம் வந்தது.

டேட்டாபேஸில் ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னுடையது. சோதனைக்கு நான் போட்ட தேதி 2-2-2010, தொகை 10,000. இரண்டும் இந்திய முறையிலும் அமெரிக்க முறையிலும் ஒரே மாதிரிதான் தெரியும்!

மொழி இந்திய ஆங்கிலம் என்று ஒரு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது. அதன்பின் ஓய்வு பெறும்வரை சோதனைக்கு 25-ம் தேதியும் பன்னிரண்டரை லட்சமும்தான் போட்டேன்.