பம்பாய் பிளேக்: எலி போன வழி

1896 செப்டம்பர் 23 அன்று பம்பாய் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் ஒரு நோயாளியைச் சோதித்த கோவா மருத்துவர் அகாசியோ வியேகாஸ், அது பிளேக் என்று உறுதி செய்தார். மாநகராட்சி உறுப்பினராகவும் இருந்த அவர் சொன்னதை அதிகாரிகள் உடனே ஏற்கவில்லை. கடுங்காய்ச்சல் கண்டு, அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டி, சில நாள்களில் ஆட்கள் இறப்பது அதற்கு முன்பே மாண்ட்வியில் நடந்துகொண்டிருந்தது. 1894இல் ஹாங்காங்கைத் தாக்கிய நோய், கப்பல் எலிகள் வழியாகப் பம்பாய்க்கு வந்தது என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் விளக்கம்.

நோய் நகரெங்கும் ஒரே சீராகப் பரவவில்லை. 1891 கணக்குப்படி எட்டு லட்சத்து இருபதாயிரம் பேர் வாழ்ந்த ஊரில், முதல் வாரங்களில் அது மாண்ட்வியின் சில தெருக்களை விட்டு நகரவே இல்லை. அந்தத் தெருக்களிலும் ஒரு வீட்டில் நான்கைந்து பேர் சாக, அடுத்த வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாதிருந்தது. பிறகு நோய் மெல்ல வடக்கே நகர்ந்து, ஆலைத் தொழிலாளர்கள் அடைந்து கிடந்த சால் குடியிருப்புகளை எட்டியது. மாண்ட்வி நகரின் மிக ஏழ்மையான பகுதி அல்ல. தானியமும் சர்க்கரையும் மூட்டை மூட்டையாக அடுக்கிய கிடங்குகள் நிறைந்த வணிகப் பேட்டை அது. கிடங்கின் மேல்மாடியிலேயே குடியிருப்பும் இருக்கும். மனிதர் சாகும் முன்பே அங்கே எலிகள் செத்து விழுந்ததைப் பலர் பார்த்திருந்தார்கள். ஆனால் அதை நோயின் காரணத்தோடு சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு.

பிளேக் கிருமியை யெர்சின் என்ற ஆய்வாளர் 1894இலேயே ஹாங்காங்கில் அடையாளம் கண்டிருந்தார். அது உடலுக்குள் எப்படிப் போகிறது என்பதுதான் புதிர். அழுக்கிலும் ஈர மண்ணிலும் வீட்டுத் தரையிலும் காற்றோட்டம் இல்லாத அறையிலும் நோய் குடியிருக்கிறது என்பதே அன்றைய பொதுக் கருத்து. நடவடிக்கைகள் எல்லாம் அதன்படியே அமைந்தன. சாக்கடைகளில் கார்பாலிக் அமிலம் கலந்த கடல்நீரைப் பாய்ச்சினார்கள். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள்; வெளிச்சம் வரட்டும் என்று கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். குடியிருக்கத் தகாதது என்று பொருள்படும் மூன்று ஆங்கில எழுத்துகள் ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவரில் ஏறின. சாக்கடையைக் கழுவிய வேலை, அதில் வாழ்ந்த எலிகளை வீடுகளுக்குள் விரட்டியிருக்கவும் கூடும்.

நோயாளியைக் கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் உத்தரவை 1896 அக்டோபரில் மாநகராட்சி ஆணையர் ஸ்நோ பிறப்பித்தார். மருத்துவமனைக்குப் போனவர் உயிரோடு திரும்புவதில்லை என்ற பேச்சு ஆலைப் பகுதியில் பரவியது. அந்த மாதக் கடைசியில் ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தொழிலாளர் கூட்டம் தாக்கியது. ஆணையர் பிடியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. ஆனால் 1897 பிப்ரவரி 4இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்து, மார்ச்சில் ராணுவ அதிகாரி கேட்டக்கர் தலைமையில் பிளேக் குழு அமைந்ததும் வீடுவீடான சோதனை முன்னிலும் கடுமையானது. 1898 மார்ச் 9 அன்று, நெசவாளர் குடும்பம் ஒன்றின் பெண்ணைச் சோதிக்க அதிகாரிகள் வந்ததைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. பிறகு கெடுபிடிகள் தளர்ந்த பின்தான் எதிர்ப்பு தணிந்தது. இந்த எதிர்ப்பை மக்களின் அறியாமை என்று எழுதிய அன்றைய அறிக்கைகள் ஒன்றைக் கவனிக்கவில்லை. நோயாளியைத் தொட்டுப் பராமரித்த மருத்துவமனைப் பணியாளர்களுக்கு நெறி கட்டும் பிளேக் அரிதாகவே வந்தது. ஆளிடமிருந்து ஆளுக்கு அது எளிதில் தொற்றவில்லை என்றால், ஆளைப் பிரித்துவைப்பதால் பெரிய பயனும் இருந்திருக்க முடியாது.

மக்கள் தாமாகச் செய்தது வேறு. ஊரைவிட்டு ஓடினார்கள். 1897 பிப்ரவரிக்குள் ஏறக்குறைய பாதி நகரம் காலியானது. ஆளில்லாத ஆலைகள், தெருமுனையில் நின்று அன்றாடக் கூலி பேசித் தொழிலாளரைப் போட்டி போட்டு இழுத்தன. ஓடியவர்கள் தப்பினார்கள் என்பது உண்மை. ஆனால் பம்பாயிலிருந்து நோய் புனேக்கும் கராச்சிக்கும் தக்காண ஊர்களுக்கும் போனது. 1901 கணக்கெடுப்பில் பம்பாயின் மக்கள்தொகை 7,76,006 ஆகக் குறைந்திருந்தது.

1898இல் உருவான பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை, நெருக்கமான பகுதிகளை இடித்து, கடற்காற்று உள்ளே வரும்படி அகலமான சாலைகளை வெட்டியது. பிரின்சஸ் தெருவும் சாண்ட்ஹர்ஸ்ட் சாலையும் அப்படி வந்தவை. இடிப்பு வேகமாக நடந்தது, கட்டுவது பின்தங்கியது. வீடிழந்தவர்கள் பக்கத்துச் சால்களில் போய் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். நகரின் வடக்கே அறக்கட்டளை திட்டமிட்ட தாதர், மாதுங்கா புறநகர்கள் மட்டும் உருப்படியாக நிலைத்தன. பின்னாளில் தமிழர்கள் திரளாகக் குடியேறிய மாதுங்கா, பிளேக் பயம் பெற்றெடுத்த ஊர்தான்.

எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே கிருமியைக் கடத்துகிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் போல்-லூயி சிமோன் 1898 ஜூனில் கராச்சியில் சோதனை செய்து காட்டினார். இந்திய அரசு அமைத்த விசாரணைக் குழு அதை ஒதுக்கித் தள்ளியது. ஏழாண்டு கழித்து, 1905இல், புதிய ஆய்வுக் குழு பரேலில் இருந்த ஆய்வுக்கூடத்தில் வேலையைத் தொடங்கியது. பிளேக் கண்ட வீடுகளில் கினிப்பன்றிகளைத் திரியவிட்டபோது அவை நோய் கண்டு இறந்தன. தெள்ளுப்பூச்சி நுழையாத நுண்ணிய கம்பிவலைக் கூண்டில் வைத்தவை பிழைத்தன. பூச்சி தாவி எட்ட முடியாத இரண்டடி உயரத்தில் தொங்கவிட்ட கூண்டிலும் கினிப்பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்றும் மண்ணும் குற்றவாளிகள் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கூடவே, நகரின் மூலை முடுக்கெல்லாம் எலி பிடித்து, ஓராண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எலிகளை அறுத்துப் பார்த்தார்கள். பத்தாண்டாகப் புரியாதிருந்த கணக்கு அப்போது புரிந்தது. முதலில் சாக்கடையில் வாழும் பழுப்பு எலிகள் சாகும். சுமார் பத்து நாள் கழித்து வீட்டுக்குள் வாழும் கறுப்பு எலிகள். அதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் பின்பு மனிதர்கள். எலி செத்ததும் பசித்த பூச்சி அடுத்த உடலைத் தேடுகிறது. ஒரு வீடு சாவதும் அடுத்த வீடு பிழைப்பதும் கறுப்பு எலியின் வளையையும் தானிய மூட்டையையும் பொறுத்தவை. ஆண்டுதோறும் பனிக்காலத்தில் ஏறி, மார்ச் வாக்கில் உச்சம் தொட்டு, மழை பிடிக்கும்போது நோய் ஓய்ந்ததற்கும் பூச்சிகளின் பெருக்கமே காரணம். நோய் கண்ட வீட்டைக் காலி செய்து வெளியே கூடாரம் போட்டவர்கள் பிழைத்தது ஏன் என்பதும் விளங்கியது. ஓடிப்போன ஜனம் தானறியாமலே சரியான காரியத்தைச் செய்திருந்தது.

1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் வாரந்தோறும் நேர்ந்த பிளேக் சாவுகளின் கணக்கு 1927இல் எடின்பரோவில் மீண்டும் உயிர்பெற்றது. கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவரும் தொற்றுநோய் ஏறி இறங்குவதைச் சமன்பாடுகளாக எழுதி, பம்பாய்ப் புள்ளிவிவரங்களோடு பொருத்திக் காட்டினார்கள். மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். வரைகோடு அழகாகப் பொருந்தியது. ஆனால் அச்சமன்பாடு, நகரில் எவரும் எவரோடும் ஒரே அளவில் கலந்து பழகுகிறார்கள் என்று வைத்துக்கொள்கிறது. எலிக்கும் பருவத்துக்கும் வீட்டுக்கு வீடு இருந்த வேறுபாட்டுக்கும் அதில் தனியிடம் இல்லை. கொத்துக் கொத்தாக விழுந்த ஒரு நோய், கொத்துகளே இல்லாத ஒரு கணக்குக்கு உதாரணமாகத் தொற்றுநோயியல் பாடநூல்களில் இடம்பிடித்தது. தவறு சமன்பாட்டில் இல்லை, உதாரணத்தைத் தேர்ந்ததில்தான்.