கடையாணியும் காட்டர் பின்னும்



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஓர் இரும்பாணிக்கும் வரலாறு உண்டு என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன். மிதிவண்டியின் மிதிகட்டையைத் தாங்கும் கிராங்கை, நடு அச்சோடு பிணைத்து நிற்கும் காட்டர் பின்தான் அது.

நாஞ்சில் நாட்டு வயல்களிலிருந்து நெல் சுமந்து வந்த மாட்டுவண்டிகளில், சக்கரம் கழன்று ஓடாதபடி அச்சின் முனையில் கடையாணி செருகியிருப்பார்கள். வேண்டும்போது அதனை உருவிச் சக்கரத்தைக் கழற்றலாம். பிணைக்கவும் வேண்டும், பிரிக்கவும் வேண்டும் என்னும் இந்த இரட்டைத் தேவையே காட்டர் பின்னையும் தோற்றுவித்தது.

1817-இல் ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் என்பார் அமைத்த இருசக்கர வண்டிக்கு மிதிகட்டையே இல்லை; ஏறி அமர்ந்து, காலால் தரையை உந்திச் செல்ல வேண்டும். 1860-களில் பாரிசில் முன்சக்கரத்தோடு மிதிகட்டை சேர்ந்தது. 1885-இல் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ரோவர் வண்டி, சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றியது. மிதிக்கும் அச்சு வண்டியின் நடுவே வந்து அமர்ந்தது. அங்கேதான் ஒரு சிக்கல். அச்சு, சட்டத்தின் அடியிலுள்ள குறுக்குக் குழாயினுள் நுழைய வேண்டும். நுழைந்த பின்னரே அதன் முனையில் கிராங்கை மாட்ட இயலும். ஆகவே ஒரு கிராங்கேனும் கழலக்கூடியதாக இருத்தல் இன்றியமையாததாயிற்று. நீராவி இயந்திரங்களின் தண்டுகளைப் பிணைக்கப் பயன்பட்ட ஆப்பு முறையே இதற்குக் கைகொடுத்தது.

அச்சின் முனையில் பள்ளமாக வெட்டிய ஒரு தட்டைப் பரப்பு உண்டு. பின்னின் ஒரு பக்கமும் சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். பின்னை அடித்து இறக்கும்போது இவ்விரு பரப்புகளும் ஒன்றையொன்று இறுகப் பற்றுகின்றன. முனையிலுள்ள நட்டு, பின் நழுவாமல் காப்பதற்கே. இறுக்கத்தைத் தருவது ஆப்பின் சாய்வே ஆகும்.

விடுதலைக்கு முன் நம் நாட்டு மிதிவண்டிகளில் மிகப் பல இங்கிலாந்திலிருந்து வந்தவை. 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றியது. அம்பத்தூரில் அதன் ஆலை எழுந்தது. 1956-இல் நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்தது. அதே ஆண்டில் லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸ் தொடங்கிற்று. இங்கிலாந்து வண்டியின் வழிவந்த கறுப்பு மிதிவண்டிகள் காட்டர் பின்னையும் உடன்கொண்டு நம் சிற்றூர்கள்தோறும் பரவின.

1976-இல் நான் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தேர்வுக்கு முன்நாள் மாலை, தந்தையாரின் வண்டியில் கிராங்க் ஆடக் கண்டு, பின்னைக் கழற்ற முனைந்தேன். நட்டை முழுதும் அகற்றிவிட்டுச் சுத்தியலால் அடித்தேன். பின் அசையவில்லை, அதன் மரை நசுங்கிக் காளான்போல் விரிந்தது. அடியின் அதிர்ச்சி உள்ளே சென்று, பால்ரஸ் உருளும் கிண்ணத்தையும் பழுதாக்கியது. வண்டி வேலை செய்து பழகிய என் பாட்டா வந்து பார்த்துவிட்டு, “அடிக்கிறதுக்கு முன்னால தாங்கு குடுத்தியா, மக்களே?” என்று ஒன்றே கேட்டார். மறுநாள் ஆறு கிலோமீட்டர் நடந்தே தேர்வுக்குச் சென்றேன். அந்தக் கேள்வியும் வழியெல்லாம் உடன் நடந்தது.

பின் ஏன் இப்படிப் பிடிவாதம் கொள்கிறது? கடற்காற்றில் உப்பு உண்டு. உப்பும் ஈரமும் கூடினால் இரும்பு விரைவில் துருவேறும். துரு, தான் தோன்றிய இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைப்பதால் இடுக்கெல்லாம் நிறைந்து பின்னை நெரிக்கிறது. வலிமையை மட்டும் நம்பினால் அங்கு வெற்றி இல்லை.

முதல்நாள் இரவே பின்னின் இருமுனையிலும் மண்ணெண்ணெய் கலந்த எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக இடுக. நட்டைப் பின்னின் நுனியோடு சமமாக நிற்கும்வரை மட்டும் தளர்த்துக. மரைக்கு அதுவே கவசம். பின்னின் தலை உள்ளே இறங்கும் அளவு துளையுள்ள இரும்புக் குழாயைக் கிராங்கின் கீழே தரையில் ஊன்றித் தாங்கு கொடுக்க. பின்னர், பல சிற்றடிகளை விடுத்து, கனமான சுத்தியலால் நேராக ஓரடி கொடுக்க. அசைந்த பிறகு நட்டை நீக்கி, ஓர் ஆணிக்கோலை வைத்துத் தட்டி வெளியேற்றலாம். புதிய பின்களை மாட்டும்போது இரண்டும் எதிரெதிர்த் திசையில் அமைதல் வேண்டும். தவறினால் இரு கிராங்குகளும் ஒரே நேர்க்கோட்டில் நில்லா.

1930-களில் பிரான்சில் பின் இல்லாத கிராங்க் புழக்கத்துக்கு வந்தது. சதுரமாய்ச் சாய்ந்த அச்சுமுனையில் கிராங்க் இறுகி அமரும். அதனைக் கழற்றுதற்குத் திருகி இழுக்கும் தனிக்கருவி உண்டு. கருவி மாறினும் ஆப்பின் தத்துவம் மாறவில்லை.

தமிழ்நாட்டில் 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கிய திட்டம் பின்னர் விரிவடைந்து, எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு சேர்த்தது. சிறியதொரு பின் ஆடிய காரணத்தால் திண்ணையோரம் துருவேறி நின்ற வண்டிகளையும், அதனால் பள்ளிக்கு நடந்தே வந்த பிள்ளைகளையும் ஆசிரியனாக நான் கண்டதுண்டு. வண்டியைப் பெறுவதோடு அதனைக் கழற்றி மாட்டவும் கற்றவர்க்கே அது முழுதும் உரிமையாகும். நாளைக்கே உங்கள் வண்டியின் அடியில் குனிந்து அந்தச் சிறு ஆணியைக் காணுங்கள். கை ஓங்கும் முன் தாங்கு கொடுக்க மறவாதீர்கள்.